ஹைசுங் குறைகிற நேரம்

அந்தச் செய்தி மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும். "இன்று மாலை உங்கள் ஹைசுங் குறைந்த அளவில் இயங்கும். ஒத்துழைப்புக்கு நன்றி." என் கணவரின் தொலைபேசிக்கு வரும். குளிர் கூடிய நாட்களில் தவறாமல் வரும்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்களுடையது பழைய வரிசை வீடு. வீட்டைச் சூடாக்குகிற பழைய காஸ் ஹைசுங் உடைந்து போனபோது, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கிற ஒரு பம்பை வீட்டின் பின்வளவில் பொருத்தினோம். அது கரண்டில் ஓடுகிறது. எல்லா ஒழுங்கையும் செய்தவர் டார்ம்ஸ்டாட்டில் பொறியியலாளராக இருக்கும் எங்கள் மருமகன். அவர் தமிழ்நாட்டுக்காரர். எங்களுடைய ஜெர்மன் வேலைக்கும் கடைக்கும் போதும், ஒப்பந்தம் வாசிக்கப் போதாது. அந்த ஒப்பந்தத்தின்படி, மாலையில் எல்லா வீடுகளிலும் கரண்ட் கூடத் தேவைப்படும் நேரத்தில், மின்சாரக் கொம்பனி தன் இடத்தில் இருந்தபடியே எங்கள் பம்பைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துத் தந்தார்கள். நிலத்துக்குக் கீழே இருக்கும் கெல்லரில் மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் குளிர்காலம் எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மாலையில் இரண்டு பேரும் ஜக்கெட் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். வேலை முடிந்து வந்த களைப்பில், சூட்டைவிட நித்திரைதான் பெரிதாக இருந்தது.

அடுத்த தை மாதம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். முதல் பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை தாய் வீட்டில் இருப்பது எங்கள் வழக்கம்; முப்பத்தொன்று கழிப்பது என்போம். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. நான் கேட்டேன் என்பதற்காக வந்தாள். நான் ஆரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. இதை மட்டும் கேட்டேன்.

எனக்கு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் காலை வேலை. முடிந்து வந்து, பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு அரைத்துக் கறி வைத்து, தமிழ்க் கடையில் வாங்கிய காய்ந்த இலைகளைச் சின்னப் பானையில் அவித்து, சுடுதண்ணீரில் கலந்து மகளுக்கு வார்த்துக் குளிப்பாட்ட மாலையாகிவிடும். ஹைசுங் குறைகிற நேரமும் அதுதான்.

நான் வேலையால் வந்து கதவைத் திறந்தவுடன் என் கணவர் குரல் கொடுப்பார்.

"இஞ்சேரும், மெசேஜ் வந்திட்டுது. வாளியளை எடும்."

குளிக்கும் அறையில் இருந்த வாளி, பேசின், குழந்தையின் தொட்டி எல்லாவற்றிலும் அவர் சுடுதண்ணீர் பிடித்து வைப்பார். நானும் கூடப் பிடிப்பேன். ஆளுக்கு ஆள் காரணம் கேட்டுக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு, ஏதோ ஒன்று இல்லாமல் போகப் போகிறது என்று கேட்டால் கை தானாக வாளியைத் தேடும்.

மகள் கதவடியில் நின்று பார்ப்பாள்.

"அப்பா, கரண்ட் போகேல்லை. ஹைசுங்தான் கொஞ்சம் குறையுது. என்னத்துக்கு இவ்வளவு வாளி?"

"இண்டைக்குக் குறைப்பாங்கள், நாளைக்கு நிப்பாட்டுவாங்கள். ஊரில சொல்லாமக் கொள்ளாம நிப்பாட்டினவங்கள். இஞ்ச நன்றி சொல்லிப்போட்டுச் செய்யிறாங்கள். முன்னேற்றந்தானே."

அவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். குழந்தையைத் தன் ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மேலே போய்விடுவாள்.

நான் அவளுக்கு வார்க்கப் போகும்போது வாளித் தண்ணீர் ஆறியிருக்கும். குழாயைத் திறந்தால் அதிலும் பச்சைத் தண்ணீர் வரும். சுடுதண்ணீர் எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பம்பு பழுதோ என்று நினைத்தேன். ஆரிடம் கேட்பது? கொம்பனிக்குப் போன் எடுத்தால் ஆள் வரும்வரை நீண்ட நேரம் பாட்டுக் கேட்க வேண்டும், பிறகு ஜெர்மனில் விளக்க வேண்டும். மருமகனிடம் கேட்கலாம். ஆனால் கலியாணம் முடிந்ததிலிருந்து நான் அவரோடு நேராகப் பேசியது குறைவு. எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் கொஞ்சம் விலகித்தான் நடப்பார்கள். எனக்கு அந்த வழக்கம் வசதியாகவும் இருந்தது. சாப்பிடுங்கோ தம்பி, போட்டு வாங்கோ தம்பி. அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை நான் வார்த்த தண்ணீரில் மகளுக்கு உடம்பு நடுங்கியது. அவள் தலையைத் துடைக்காமல் கட்டிலில் இருந்தாள்.

"அம்மா, சனிக்கிழமை அவர் வரேக்க நான் அவரோட போறன். கோவிக்காதேங்கோ."

"முப்பத்தொண்டு கழியட்டும் பிள்ளை."

"அதுவரைக்கும் என்னால ஏலாது அம்மா. பிள்ளையின்ர கையைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. அவளைப் பிழை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கீழே வந்து குசினியில் நின்றபடி மருமகனுக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்.

"அத்தை? குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

நான் போன் எடுத்தால் அப்படித்தானே நினைப்பார்.

"இல்லைத் தம்பி. பிள்ளை சுகம். இந்த ஹைசுங்... பின்னேரத்தில வீடு குளிருது. சுடுதண்ணியும் வருகுதில்லை."



"மாமா நல்லாயிருக்குன்னாரே அத்தை. என் போன்ல தினமும் பதினெட்டு டிகிரிதான் காட்டுது. போன வாரங்கூட கேட்டேன். 'சுப்பர் தம்பி, சுப்பர்'னாரு. அவளும் ஒண்ணும் சொல்லல. சரி, உங்களுக்கு அப்படித்தான் பழக்கம்போலன்னு விட்டுட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பேசினைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதைக் கீழே வைக்கவும் இல்லை, கொண்டு போகவும் இல்லை.

வாளிகளைப் பற்றிச் சொன்னேன்.

"ஐயோ அத்தை! கீழ இருக்கற டேங்க் மொத்தமும் காலியாகுது. அதுல புதுசாப் பச்சைத் தண்ணி வந்து நிக்குது. அந்த நேரம் பார்த்து அவங்க பம்பைக் குறைச்சுடறாங்க. அப்புறம் எப்படிச் சுடும்? நீங்க பிடிக்காம விட்டாலே குளிக்கத் தண்ணி இருக்கும்." பிறகு குரலைத் தணித்தார். "இன்னிக்குக் குறைக்க வேண்டாம்னு சொல்ல ஒரு பட்டன் இருக்கு. என் போன்லதான் இருக்கு. இப்பவே அழுத்தறேன்."

சற்று நேரத்தில் பின்வளவில் பம்பின் இரைச்சல் கூடியது. டார்ம்ஸ்டாட்டில் ஒருவர் விரலை வைக்க, இங்கே எங்கள் வீடு கேட்டது. ஆனாலும் தண்ணீர் சுட நேரமாகும். பிடித்து வைத்த வாளிகளைக் குசினிக்குக் கொண்டுவந்து, தண்ணீரைப் பெரிய பானையில் ஊற்றி இலைகளோடு அடுப்பில் வைத்தேன். அடுப்பைத் தூரத்திலிருந்து குறைக்க இன்னும் ஒருவரும் வரவில்லை. அன்று மகளுக்கு இரண்டாம் தரம் வார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மருமகன் வந்தார். மகளின் பை மாடிப்படியடியில் கட்டியபடி இருந்தது. சாப்பிட்டபின் அவர் என் தொலைபேசியை வாங்கி, செய்தியும் அந்தப் பட்டனும் என்னிடம் வரும்படி செய்து தந்தார்.

"எனக்கும் போட்டு விடுங்கோவன் தம்பி," என்றார் என் கணவர்.

"வேணாம் மாமா. நீங்க அந்தக் கம்பெனிக்காரங்களுக்கும் சுப்பர்னு சொல்லிடுவீங்க."

மகள் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவும் அழுத்த மாட்டா. பாவம், அவங்கள் கேக்கிறாங்கள் எண்டு விட்டிடுவா."

"அழுத்துவன்," என்றேன்.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்."

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தன் கணவரிடம் பையை மேலே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள்.

அதன் பிறகு, வேலையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நிற்கும்போது செய்தி வரும். கையைத் துடைத்துவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்துவேன். உறுதியாகவா என்று மறுபடியும் கேட்கும். மின் வலையமைப்புக்கு உதவுகிற மற்ற வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு வசனம் வரும். அதை வாசித்தால் மனம் இளகிவிடும் என்று வாசிக்காமலே மறுபடி அழுத்துவேன். இப்படி அழுத்துகிற என்னால் மேற்பார்வையாளரிடம் மட்டும் எதையும் மறுக்க முடியவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்க ஏலுமா என்று அவர் கேட்டால், நின்றேன். நின்றுவிட்டு, கால் நோக நோக வீட்டுக்கு வந்தேன். வந்து கதவைத் திறந்தால் வீடு சூடாக இருந்தது. மேலே பிள்ளை மெல்லிய சட்டையோடு காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. வாளிகளை என் கணவர் கெல்லரில் கவிழ்த்து வைத்திருந்தார்.

முப்பத்தொன்று கழிந்தது. வீடு கழுவி, பிள்ளைக்கு முடி இறக்கி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். அடுத்த நாள் மகள் போனாள்.

அதற்கு அடுத்த நாளும் செய்தி வந்தது. விரிப்பு ஒன்றைப் பாதி மடித்தபடி அதைப் பார்த்தேன். பிறகு தொலைபேசியை ஏப்ரன் பையில் போட்டுவிட்டு மற்றப் பாதியை மடித்தேன்.

மாலையில் என் கணவர் சுவரில் இருந்த ஹைசுங்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இஞ்சேரும், இண்டைக்கு அழுத்தேல்லையோ?"

"ஆருக்கு?" என்றேன்.

அவர் மாடிக்குப் போய், மகள் விட்டுப்போன போர்வையை எடுத்துவந்து என் மடியில் போட்டுவிட்டு, தன் ஜக்கெட்டைத் தேடினார்.