ஐ ஊடு

என்னிடம் ஒரு சவரக் கண்ணாடி இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். பின்னால் தகரம், மேலே ஆணியில் மாட்ட ஒரு கம்பி வளையம். ஓரமெல்லாம் ரசம் உதிர்ந்து, நடுவில் மட்டும் ஒரு வாய் தெரியும் அளவுக்கு இடம் மிச்சம் இருக்கிறது. என் மருமகள் அதைக் குப்பையில் போட்டுப் பார்த்தாள். நான் போய் எடுத்து வந்தேன். “இதுல இன்னா தெரியுதுன்னு பத்திரமா வெச்சிக்கினு கீறீங்க?” என்றாள். வாய் தெரியுதே, அது போதாதா என்றேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். அந்தக் கண்ணாடி என் அக்கா புருஷருடையது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அதில் அவர் சவரம் செய்துகொண்டதைவிட இங்கிலீஷ் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கும்மிடிப்பூண்டி. இன்றைக்கு அங்கே திரும்பிய பக்கமெல்லாம் தொழிற்சாலையும் லாரியுமாக இருக்கிறது. அன்று ஸ்டேஷனைத் தாண்டினால் புதரும் மணலும், கடலோரத்திலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வரும் மாட்டு வண்டிகளும்தான். அந்தக் கட்டையெல்லாம் வந்து இறங்குவது என் அப்பாவின் விறகு மண்டியில், எங்கள் பேச்சில் விறகுத் தொட்டி. அங்கிருந்து ரயில் வேகனில் பட்டணத்துக்குப் போகும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. எங்களுக்கு அம்மா இல்லை, நைனாவுக்கு ஆண் வாரிசும் இல்லை. அதனால் தூரத்துச் சொந்தத்தில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பையனைப் பி.ஏ. வரை படிக்க வைத்து, அக்காவைக் கட்டிக் கொடுத்து, வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஊட்டோட மாப்பிள்ளை. மாமா போர்டு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். சாயங்காலம் வந்து தொட்டியில் உட்கார்ந்து, வேகன் கேட்டு ரயில்வேக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் மாப்பிள்ளைக்கு ‘வாங்க, உட்காருங்க’ தான். எங்கள் வீட்டில் மட்டும் ‘வா, உட்காரு’.

நைனா அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால்தான் அவருக்கு மாமா வேண்டும். வியாபாரிகள் யாராவது பந்தியில் இருந்தால் கொண்டாட்டம். “மாப்ளே, இன்னும் கொஞ்சம் சோறு போடுன்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா? சொல்லு, நம்ம செட்டியார் கேக்கட்டும்” என்பார். மாமா சொல்லுவார். “பாத்தியா, சோறு கேக்கறதுக்கே நான் டப்பு கட்டிப் படிக்க வெச்சேன்” என்று நைனா சிரிப்பார். செட்டியாரும் சிரிப்பார். மாமா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அக்கா சமையற்கட்டில் பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போடுவாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் அபிசீனியாவில், இப்போது எத்தியோப்பியா என்கிறார்களே அங்கே, பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷ் வாத்தியார் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. வேலை கிடைத்தால் குடும்பத்தோடு கப்பலில் போகலாம், தங்க வீடும் தருவார்கள். மாமா யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டார். அக்காவிடம் சொன்னார், அக்கா என்னிடம் சொன்னாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிப் பதில் வந்த அன்று மாமா முதல்முறையாக நேராக நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் பக்கத்து வாய்க்கு வீடு என்பது ஊடு. அதே வாய்தான் இங்கிலீஷும் பேசும். ‘வுட் யூ’ என்று கேட்கிறார்களே, அந்த ‘வுட்’ மாமாவின் வாயில் ‘ஊடு’ என்றுதான் விழும். இங்கிலீஷில் அந்தச் சொல் இல்லாமல் மரியாதையாக ஒரு வாக்கியம் பேச முடியாதாம். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ரயில் கார்டின் மனைவி இருந்தாள், ஆங்கிலோ இந்தியப் பெண், எங்களுக்குச் சட்டைக்காரம்மா. மாமா அவளிடம் போய்க் கேட்டார். “விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவி மேன். அப்புறம் ஊதி விடு. கண்ணாடியில் ஆவி படணும். படலேன்னா நீ தப்பா சொல்றே” என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து விடியற்காலையில் கிணற்றடியில் மாமாவும் கண்ணாடியும்தான். வுட், வுட், வுட். ஆவி பட்டால் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார். அக்கா அவள் பங்குக்கு வெங்காய வடகம் உருட்டிக் காயப் போட்டாள். அபிசீனியாவில் புளி கிடைக்குமா என்று கேட்டுக் கேட்டு மாமாவைப் பேஜாராக்கினாள். புளியையும் ஒரு புதுப் பானையில் அடைத்தாள். ராத்திரி படுக்கையில் என்னிடம், “எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்கும்டி, நான் எத்தப் போட்டாலும் அவரு நிம்மதியா துன்னுவாரு” என்றாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

எப்படித் தெரிந்ததோ, நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. ரகளை நடக்கும் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவரோ தேனாகப் பேசினார். “நல்ல விசயம் தானே மாப்ளே, போய் வா” என்றார். தன்னுடைய கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். பட்டணத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். சின்னவளுக்குக் கண் மங்கலாத் தெரியுதாம், டாக்டரிடம் காட்டணும் என்று என்னையும் கிளப்பினார். எனக்கு உண்மையிலேயே கண் மங்கல்தான், பள்ளிப் படிப்பை முடித்ததே தட்டுத்தடுமாறித்தான். அதனால் நம்பினேன். மாமாவும் நம்பினார். கூடூர் பாசஞ்சரில் சென்ட்ரல் போகும்வரை அவர் சன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் குவித்துக்கொண்டே வந்தார். நைனா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மவுண்ட் ரோடில் ஒரு ஓட்டல் மாடியில் நேர்முகம். அரைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் நானும் நைனாவும் உட்கார்ந்தோம். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், அபிசீனியாக்காரர் ஒருவர், நம் ஊர் அதிகாரி ஒருவர். பேசுவது நன்றாகக் கேட்டது. மாமா அருமையாகப் பேசினார், எனக்கே பெருமையாக இருந்தது. அந்தச் சொல் இரண்டு மூன்று இடத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் வுட் என்று அழகாக, ஊதிவிட்ட மாதிரி வந்தது. வெள்ளைக்காரர் குட், குட் என்றார். எப்போது கப்பல் ஏற முடியும் என்று கேட்டார். நைனா எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போய்க் கும்பிட்டார். யாரோ ஏழைக் குடியானவர் மாதிரி நின்றார்.

“தொரே, நான் இவுருக்கு மாமனாரு. இவுரு எங்க ஊட்டோட மாப்பிள்ள. ஊட்டோட இருக்கறேன்னு தாலி கட்றப்ப வாக்கு குடுத்துக்கீறாரு. எனக்கு வேற ஆம்பள தொண கெடையாது. கேட்டுப் பாருங்க” என்றார். நம் ஊர் அதிகாரி அதை மற்ற இருவருக்கும் இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு மாமாவிடம் திரும்பினார். நல்ல மனிதர்தான், கனிவாகத்தான் கேட்டார். பெரியவர் சொல்வது உண்மைதானா, அவர் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் போவீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். பதில் இரண்டே சொல். ஐ வுட். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை நாள் கிணற்றடியில் நின்றார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அதிகாரியைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தார். நைனா பந்தியில் சிரிக்கிற மாதிரி லேசாகச் சிரித்தார். மாமாவின் உதடு குவியவே இல்லை. “ஐ ஊடு” என்றார்.

அதிகாரி அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். பிறகு, தமிழில் இவர் ‘நான் வீடு’ என்கிறார் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். அவர்களும் சிரித்தார்கள். வீட்டைக் கப்பலில் ஏற்ற முடியாதே என்று வெள்ளைக்காரர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குப் படவில்லை. மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்க முயன்றார். கண் டாக்டரிடம் நாங்கள் போகவே இல்லை. சென்ட்ரலில் நைனா மசால் வடை வாங்கி, “துன்னு மாப்ளே, காலைலேந்து நாஷ்டா கூட துன்ல” என்று கையில் வைத்தார். மாமா தின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா அக்காவைக் கூப்பிட்டு, “அந்த அபிசீனியா வடகத்த எடுத்து வறுடி” என்றார். அது தீரும்வரை தினமும் இலையில் அபிசீனியா வடகம் விழுந்தது. தொட்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னார். “வெள்ளக்காரன் கேக்கறான், நீ யாருன்னு. நம்மாளு இன்னா சொன்னான் தெரியுமா? ஐ ஊடு.” வண்டிக்காரர்கள் வரைக்கும் அது பரவி, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. ஊடு சார் என்றே பையன்கள் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் வரும் பாடத்தை மாமா கரும்பலகையில் எழுதித்தான் காட்டுவாராம், வாயால் சொல்ல மாட்டாராம். கண்ணாடி ஆணியில் தொங்கியது. நைனா இன்னும் சில மனுக்களுக்கும் தடை சொல்லத் தயாராக இருந்திருப்பார், ஆனால் மாமா அப்புறம் எதற்கும் மனுப் போடவில்லை.

கொஞ்ச காலத்தில் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கை விழுந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. பொன்னேரியிலிருந்து வந்த டாக்டர், தெரிந்த வார்த்தையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள், திரும்பி வர வாய்ப்புண்டு என்றார். “நான் பாத்துக்கறேன் டாக்டர், எனக்கு அதானே வேலை” என்றார் மாமா. மறுநாள் காலை நைனாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, நிதானமாகச் சவரம் செய்துவிட்டார், ஒரு கீறல் இல்லாமல். பிறகு அந்தக் கண்ணாடியை நைனாவின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“சொல்லுங்க நைனா. ஊடு.”

நைனா முயன்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. காற்றுதான் வந்தது. வூ, வூ என்று கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. மாமா துண்டால் துடைத்தார். “இது இங்கிலீஷ் நைனா. இது வாணாம். தமிழ்ல சொல்லுங்க. ஊடு.” குரலை உயர்த்தவே இல்லை, வகுப்பில் பேசுகிற அதே மரியாதை. நைனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையும் மாமாவே துடைத்தார்.

தினமும் நடந்தது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று, பெத்த புள்ள கூட இப்படிப் பாக்காது என்று மாமாவைப் புகழ்ந்தார்கள். ஊடு சார் என்ற பெயர் போய், மறுபடியும் சார் ஆனார். ஒரு நாள் அக்காதான் தாங்காமல், “தண்ணின்னு சொல்லக் கத்துக் குடுங்களேன். தாகம்னா கேக்கத் தெரியாம கெடக்கறாரே” என்றாள். மாமா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மொதல்ல இது வரட்டும்” என்றார். நைனா மாமாவுக்குச் செய்தது எதையும் நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலை நேரங்களில் நான் வெறுத்தது மாமாவைத்தான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நைனா போய்விட்டார். அந்தச் சொல் அவருக்கு வரவே இல்லை. தண்ணீர் என்றும் சொல்லத் தெரியாமலே போனார்.

மாமாவும் அக்காவும் கடைசிவரை அதே வீட்டில்தான் இருந்தார்கள். வீடு அவர்களுடையதாகிவிட்டது, அடுப்பும் அக்காவுடையதாகிவிட்டது. மாமா சாப்பிடும்போது அக்கா எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாமா காலமானதும் அக்கா ஆணியிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “எத்துக்கினு போயிடுடி. என் ஊட்ல இது வாணாம்” என்றாள்.

இன்று மருமகள் கடைக்குப் போன நேரம் அதை எடுத்துத் துடைத்தேன். யாரும் இல்லை என்பதால் உதட்டைக் குவித்து ஊதியும் பார்த்தேன். ஆவி பட்டது, மெதுவாகக் கலைந்தது. நடுவில் அந்த ரசம் உதிராத இடத்தில் என் வாய் தெரிந்தது. எனக்கு நைனாவின் வாய்.