ஆளுக்கு இருநூறு

முதல் நாள் அந்த மலைக்குடிலில் இருந்தவர்கள் அப்பாவும் நானும்தான். அம்மா வரவில்லை, எங்கள் எருமை அம்மா கறந்தால்தான் பால் கொடுக்கும், வேறு கை பட்டால் உதைக்கும். பெரியப்பா, அத்தை, மாமா மூவரும் அன்றைக்கு இல்லை, மறுநாள் மதியம் இருந்தார்கள். அதற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம்.

எங்கள் ஊர் கொல்லிமலையின் அடிவாரம். அப்பா பிறந்ததிலிருந்து மரவள்ளிக் காட்டில் நின்று அந்த மலையைப் பார்க்கிறவர். கோயிலுக்கு ஏறினாலும் பொழுதுக்குள் இறங்கிவிடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் ஒரு விவசாயக் குடும்பம் தோட்டத்துக்குள் மண் குடில் கட்டி, அங்கே விளைந்ததையே சமைத்துப் போட்டு ஆட்களைத் தங்கவைக்கிறது என்று போனில் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். அப்பா ஒரு ராத்திரியாவது கணக்குப் பார்க்காமல் தூங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உள்ளதைச் சொன்னால் வரமாட்டார்.

"ஆளுக்கு இருநூறு, சாப்பாட்டோட" என்றேன்.

"சாப்பாட்டோடவா? அப்பப் போலாம்."

போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டு அம்மாவைத் தனியே பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குப் பொய் வராதுங்க தம்பி, சிரிச்சுப்புடுவேன். அவரா கேக்காத வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன், போதுங்களா?"

மதியம் சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, மிளகு ரசம். சாயங்காலம் மரவள்ளிக் கிழங்கு ஆவி பறக்க வந்தது.

"நம்ம கெழங்கு லாரியேறி ஜவ்வரிசி மில்லுக்குப் போவுது. நாம மலையேறிக் காசு குடுத்துத் திங்கறோம்" என்று அப்பா சிரித்தார். இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். கொஞ்ச நேரத்தில் யோசனையானார்.

"ஏன்டா, மூணு வேளச் சோறு, காப்பி, கம்பளி, குளிக்கச் சுடுதண்ணி. இருநூறு ரூவாய்க்கு இவங்களுக்கு எப்படிக் கட்டும்? வெவரம் தெரியாத சனமாட்ட இருக்குது."

காலையில் தோட்டத்து ஓரம் நின்று வெகுநேரம் போன் பேசினார். எருமையைப் பற்றி அம்மாவிடம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

மதியம் செம்மேட்டிலிருந்து வந்த பஸ்ஸில் பெரியப்பா, அத்தை, மாமா மூவரும் துணிப்பையோடு இறங்கினார்கள்.

"நாந்தான் வரச்சொன்னேன்" என்றார் அப்பா. "ஆளே இல்லாம கெடக்குது பாவம். நாலு பேரு வந்து போனாத்தானே இவங்க பொழைக்க முடியும்?"

"இருநூறு ரூவாய இந்தக் காத்துக்கே குடுக்கலாம் சாமி" என்று அத்தை என் கன்னத்தைத் தடவினார். வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். நான் திங்கட்கிழமைக்கு ஆபீசில் லீவு சொன்னேன்.

மறுநாள் காலை அப்பா எல்லோரிடமும் வசூல் செய்தார். நாங்கள் இருவர் இரண்டு நாள், அவர்கள் மூவர் ஒரு நாள். ஏழு இருநூறு. ஆயிரத்து நானூறை வீட்டு அம்மாவின் கையில் வைத்துக் கும்பிட்டார். நான் நைசாகச் சமையலறை ஜன்னல் பக்கம் போய், அங்கே ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் செய்து மீதியை அனுப்பினேன். அலமாரிக்குக் கீழே இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை நான் கவனிக்கவில்லை.

"ஏழாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது அது, வாசல்வரை கேட்கும்படி.

பெரியப்பா என்னையே பார்த்தார். வீட்டு அம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க, நெசமா ஆளுக்கு எவ்வளவுங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஆயிரத்து இருநூறுங்க."

திட்டு விழும் என்று நின்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பாடா! நீங்க நட்டப்படறீங்கன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கலீங்க."

"எறங்காமத்தான் நேத்து மூணு தரம் கொழம்பு வாங்குனியா?" என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு ஆச்சு என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஆளுக்கு இருநூறு. சாப்பாட்டோட. அடுத்த தடவ நீயும் வா, எருமைய நான் பழக்கி வைக்கறேன்."

பஸ் டிக்கெட் நீங்கலாக, மொத்தம் எட்டாயிரத்து நானூறு ரூபாய் ஆகியிருந்தது.