மச்சான் படங்கள்

"கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்க. அது வலப்பக்கம் சார். ம்... மூஞ்சில இன்னும் நிழல் விழுதே!" என்று சலித்துக்கொண்டே ஸ்டூடியோக்காரர் எழுந்து வந்து, எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் வங்கி மேலாளரின் தாடையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி வைக்கிறார். வங்கியில் ஒரு கூட்டத்தையே மிரட்டி வேலை வாங்கும் அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறார்.

அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கும் சின்னக் கடை அது. ஒரு முக்காலி, பின்னால் ஒரு வெள்ளைத் துணி, யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி கண்ணாடியோடு கயிறு போட்டுக் கட்டிய சீப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அடையாள அட்டையில் மிடுக்காக இருக்கிறார்கள். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் துணிக் கிளிப் மாட்டி இறுக்கிவிடுவார். முன்னால் பார்த்தால் பெரிய அதிகாரி, பின்னால் பார்த்தால் துணி காயும் கொடி.

கடைக்கு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். மாலையில் இறங்கிப் போய் அரட்டை அடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நிழல்தான் இந்த மனிதருக்கு ஜென்மப் பகை. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக விளக்கை நகர்த்துவார். பல் டாக்டரிடம் போனபோது, திறந்த வாயை மூடாமலே, விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். "எனக்கு மானமே போச்சு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு விடுமுறை நாள் வந்தால் கடை, வீடு எல்லாம் மறந்துபோகும். ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஏரியில் கயாக்கில் போய் மீன் பிடிப்பார். கயாக் என்றால் ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும் அளவே உள்ள ஒல்லிப் படகு. வெடுக்கென்று திரும்பினால் அதுவும் சேர்ந்து ஆடும். அவருக்கு ஒன்று, மனைவியின் தம்பிக்கு ஒன்று. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்த ஏரியில் மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பிடித்ததைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். ஆகையால் மீன் பிடித்தேன் என்று ஒருவன் சொன்னால், படம்தான் அதற்குச் சாட்சி.

காற்றுக் காலம் தொடங்கி ஏரியை மூடிவிட்டார்கள். இப்போது கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கணினியில் இந்த வருஷ மீன்பிடிப் பருவத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாளே கரையோரம் கவிழ்ந்து தலையில் பாசியோடு நிற்கும் மைத்துனர். முழங்கால் வரை சேற்றில் புதைந்து ஒரு செருப்பைத் தேடும் மைத்துனர். சாப்பாட்டு டப்பா தண்ணீரில் மிதந்து போக, துடுப்பை நீட்டி அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் மைத்துனர். மீனோடு மைத்துனர், மீன் இல்லாமல் மைத்துனர். ஒரு படத்திலும் ஸ்டூடியோக்காரர் இல்லை.

"நீங்க எங்க?" என்றேன்.

"நான் எப்படி சார் இருப்பேன்? ரெண்டு பேரும் ஆளுக்கொரு படகு. அவன நான் எடுப்பேன், என்ன அவன் எடுப்பான். அவன் மூஞ்சி எங்கிட்ட இருக்கு, என் மூஞ்சி அவன்கிட்ட இருக்கு" என்றார்.

இன்னொன்றையும் கவனித்தேன். மீன் துள்ளுகிற படத்தில்கூட மைத்துனர் நேரே பார்க்கிறார், இரண்டு காதும் தெரிகிறது, பல் தெரியவில்லை. மீனையும் அப்படியே பிடிக்கச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பம் போடலாம்.

சிரித்துவிட்டேனே தவிர, விஷயம் சிரிப்பதற்கு இல்லை. பருவத்தின் கடைசி நாளிலிருந்து மைத்துனர் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்கு முன்னால் வேலை முடிந்து போகிறபோதெல்லாம் ஒரு எட்டு வந்து, அக்காவை வம்புக்கிழுத்துவிட்டுத்தான் போவார். இப்போது அக்காவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அக்கா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

காரணம் ஒரு கெண்டை மீன். கடைசி நாள் மைத்துனர் தூண்டிலில் அந்த ஏரியிலேயே யாரும் கண்டிராத பெரிய கெண்டை மாட்டியது. மடியில் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாராம். பக்கத்துப் படகிலிருந்து ஸ்டூடியோக்காரர், "மச்சான், அப்படியே கொஞ்சம் திரும்பு, மூஞ்சில நிழல் விழுது" என்றாராம். மைத்துனர் திரும்பினார், படகு ஆடியது, மீன் போய்விட்டது.

"எடுத்தீங்களா மச்சான்?"

"இல்லடா."

அவ்வளவுதான். மைத்துனர் போன இடமெல்லாம் அந்த மீனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "படத்தக் காட்டு" என்று கேட்டு, அவர் கையை விரித்ததும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "ஏரில இருந்த மீனா, லிஃப்ட்ல ஏறி வந்த மீனா?" என்று கூட வேலை செய்கிறவர்களே கேட்டிருக்கிறார்கள். பொய்யன் என்று பேர் எடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கணினியில் படங்கள் முடிந்தன. "அந்தக் கெண்டைக்கு ஒரு படம்கூட இல்லாமப் போச்சே" என்றேன்.

ஸ்டூடியோக்காரர் மூக்கைச் சொறிந்தார். "ஒண்ணு இருக்கு. அது படத்துல சேத்தி இல்ல."

'கழித்தவை' என்று ஒரு தனி இடம் வைத்திருக்கிறார். கண் மூடியவர்கள், தும்மியவர்கள், கோட்டுக் காலர் மடங்கியவர்கள் எல்லோரும் அங்கே கிடக்கிறார்கள். அதற்குள்ளிருந்து அதைத் திறந்தார். ஆனைக்குட்டி மாதிரி ஒரு கெண்டை. செதில் செதிலாக எண்ணலாம், வாலிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடத் தெரிகிறது. மேலே தொப்பியின் நிழலில் மைத்துனரின் முகம் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"மீன் இருக்கே!"

"மூஞ்சி இல்லையே சார். மூஞ்சி தெரியாதது எப்படிப் படமாகும்? அதனாலதான திரும்பச் சொன்னேன்."

மனிதர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கணக்கில் அது எடுக்கப்படாத படம். எடுத்தாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுச் சாவி வாங்க வந்த அவர் மனைவி எப்போது பின்னால் வந்து நின்றார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

"என்னங்க இது?" என்றார். கணவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாளின் குரல் உடைந்துவிட்டது. "இத வச்சுக்கிட்டா இத்தன நாளா சும்மா இருந்தீங்க? எந்தம்பிய ஊரே பொய்யன்னு சொல்லுது. அவன் என் வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு!"

"மூஞ்சி கறுப்பா இருக்குடி. இதக் குடுத்தா தொழில் தெரியாதவன்னு..."

"யாரு உங்கள மூஞ்சி கேட்டா?"

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். முகத்தை வெளிச்சமாக்கலாமா என்று கொஞ்சம் முயன்று பார்த்தார். முகம் வெளுக்க வெளுக்க மீனும் வெளுத்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, பெரிய அளவில் அச்செடுத்து, ஓர் உறையில் போட்டுக்கொண்டு, "கூட வாங்க சார், தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றார். மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

நான்கு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. மைத்துனர் கீழ்ப் படியில் உட்கார்ந்து கைகளில் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கருவிப் பெட்டி. எங்களைப் பார்த்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் படத்தை எடுத்து அவர் கண் எதிரே நீட்டினார்.

மைத்துனர் கிரீஸ் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். குனிந்து மீனையே பார்த்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள், "லிஃப்ட் ரெடியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் தாண்டிப் போனார்.

கடைசியில் அவர் நிமிர்ந்தார். "என்ன மச்சான், என் மூஞ்சியே தெரியலையே? இது நான்தான்னு எவன் நம்புவான்?"

"அதத்தான்டா அன்னிக்கு நானும் சொன்னேன்."

மைத்துனர் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். பிறகு கருவிப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, படியில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டார்.