புது காயில்தானே?

அவன் சொன்னதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், வெயிலில் அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது என்றார்கள். ஆனால் அந்த ஏ.சி. மெக்கானிக் இன்றுவரை ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

கார் ஏ.சி. ஒர்க்‌ஷாப்பை அவனும் அவன் மனைவியின் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். நகமும் சதையும் போல இருந்தார்கள். மைத்துனன் முடித்த வேலையை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அன்று பகல் 2.10. மைத்துனன் சாமான் வாங்கப் போயிருந்தான். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இவன் நிமிர்ந்தான். எதிரே ஒரு வெள்ளைக் கார். வந்த சத்தமே கேட்கவில்லை.

உள்ளே ஒரு பெண். போன மாதம் கேஸ் கசிகிறது என்று வந்தவர். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையாகியிருந்தது. மைத்துனன்தான் மாற்றினான்.

கண்ணாடி ஏற்றியே இருந்தது. ஆனால் குரல் காதருகே கேட்டது.

"புது காயில்தானே போட்டீங்க?"

"ஆமாங்க. மச்சான் கையால போட்டது. சந்தேகமே வேண்டாம்."

"திறந்து பாருங்க."

பானட்டைத் தொட்டான். உச்சி வெயிலில் வந்த வண்டி... சில்லென்று இருந்தது. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினான். முள் பூஜ்யத்திலேயே நின்றது. சொட்டு கேஸ் இல்லை. இன்ஜினும் ஓடவில்லை.

உஸ்ஸ்ஸ்...

உள்ளே குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது.

2.35. டேஷ்போர்டைப் பிரித்துக் காயிலை வெளியே இழுத்தான்.

பழைய காயில். ஓட்டைமேல் பசை அப்பியிருந்தது. குப்பென்று சமையல் கேஸ் வாடை.

ஏ.சி. கேஸுக்குப் பதில் மலிவான, தீப்பிடிக்கும் சமையல் கேஸை நிரப்பியிருக்கிறான் மைத்துனன். இப்படியும் செய்வானா... என் கூடவே இருந்துகொண்டு...

டக்.

கதவு சாத்தும் சத்தம். திரும்பினான். சீட் காலி.

வாசலுக்கு ஓடினான். தெருவில் யாருமில்லை.

திரும்பி வந்தான்.

கார் இல்லை.

கையில் காயில் மட்டும்...

2.50. போன மாத வேலைக்கு எழுதிய ஜாப் கார்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தான். எடுத்தது அந்தப் பெண்ணின் கணவர்.

"வண்டியா? போன வியாழக்கிழமை தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சுங்க. அவ உள்ளதான் இருந்தா."



"எங்களுக்கு... தெரியாதுங்க..."

"எப்படித் தெரியாம போகும்? உங்க மச்சான் துக்கத்துக்கு வந்திருந்தாரே. என் கையைப் பிடிச்சு அழுதாரு." அந்தக் குரல் இறுகியது. "அந்தக் காயில் வேலை மொத்தமும் நீங்க செஞ்சதுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்ததும் அவர்தான்."

வாசலில் பைக் வந்து நின்றது. மைத்துனன் இறங்கினான். வழக்கமான சிரிப்பு.

"யாராச்சும் வந்தாங்களா மச்சான்?"