மிராசு சபாபதியின் மீசை

தனகோட்டி டி.வி.க்குப் போனது குரலால். மீசை பிறகுதான் வந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், காதணி விழா என்று எது வந்தாலும் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர். ஊர் சிங்கவரம். கோட்டையில் ஒரு சீரியல் எடுக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்க அவரை மைக்கோடு அழைத்துப் போனார்கள். பண்ணையார் வேஷம் போட்டவர் வெயில் தாங்காமல் மயங்கி விழ, இயக்குநர் சுற்றிலும் பார்த்துவிட்டு மைக்காரருக்கு வேட்டி கட்டிவிடச் சொன்னார். பேச வேண்டியது ஒரே ஒரு வரி. முதல் தடவையே சரியாகப் பேசினார். அதோடு ஆட்டோவை விட்டுவிட்டு சென்னைக்குப் போய்விட்டார்.

வளசரவாக்கத்தில் நான்கு பேர் தங்கும் அறை. கிடைத்த வேஷங்கள்: பஞ்சாயத்துத் தலைவர், ரிஜிஸ்திரார், வீட்டு புரோக்கர், இரண்டு முறை பிணம். மனைவி ரஞ்சனி செஞ்சியிலேயே தையல் மிஷினோடு இருந்தார். வாய்ப்புக் கேட்டு அலைந்த அந்த வருஷங்களைப் பற்றித் தனகோட்டி அதிகம் பேசுவதில்லை. பிணமாக நடிப்பதுதான் கஷ்டம், கொசு கடித்தாலும் அசையக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மிராசு சபாபதி வேஷம் கிடைத்தது. கதாநாயகியின் அப்பா. பின்னால் வாரிய தலை, நுனி முறுக்கிய மீசை. தினமும் காட்சி முடிந்ததும் ஓர் உதவி இயக்குநர் அவர் முகத்தை நான்கு பக்கமும் செல்போனில் படம் பிடித்துக்கொள்வார். மறுநாள் வகிடு நூலளவு மாறியிருந்தாலும் சீப்பு வரும். அதற்குப் பெயர் கன்டின்யூட்டி. கம்பெனியைக் கேட்காமல் முடியில் கை வைக்கக் கூடாது என்பது, வேஷம் கொடுத்த அன்றே சொல்லப்பட்ட முதல் நிபந்தனை.

சீரியல் ஓடியது. செஞ்சியில் காய்கறி வாங்கப் போனால் பெண்கள் கூடினார்கள். சம்பந்தியை நம்பாதே என்று கடைக்காரர்கள் புத்தி சொன்னார்கள். அவருடைய அம்மா பவுனம்மாள், டி.வி.யில் மகனை யாராவது அவமானப்படுத்தினால் அன்றைக்குச் சோற்றில் கை வைக்க மாட்டார். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கும்போது கூட வேலை செய்பவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "எனக்குக் கொள்ளி வெக்கப்போறவன் டி.வி.ல பேசுறான் பாத்தியா?"

அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் என்பது அவர்கள் வழக்கம். கொள்ளி வைப்பவன் சுடுகாட்டிலேயே தலைமுடியையும் மீசையையும் எடுத்துவிட வேண்டும். அப்பா போனபோது அண்ணன் அரங்கநாதன் எடுத்தார். அம்மாவுக்குத் தனகோட்டி. வீட்டில் யாரும் யோசிக்க வேண்டியிராத விஷயம் அது.

பவுனம்மாள் இறந்த அன்று சீரியலில் மகளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மண்டபக் காட்சி பாதி எடுத்திருந்தார்கள். தனகோட்டி மேக்கப்பைக் கலைத்துவிட்டு பஸ் ஏறும்போதே கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டார். துக்கம் விசாரித்தார். அழக்கூடச் செய்தார் என்கிறார் தனகோட்டி. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, முடியில மட்டும் கத்தி படாமப் பாத்துக்குங்க. இன்னும் தாலி கட்டல. பொண்ணோட அப்பா பாதி கல்யாணத்துல மொட்டையா நின்னா ஜனங்க சிரிப்பாங்க. சேனல்ல என் வேலை போயிடும். உங்களுதும்தான்."

விக் வைத்துக்கொள்ளலாமா என்று தனகோட்டி கேட்டார். நெற்றி குளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடும் என்று பதில் வந்தது.

சிங்கவரத்து ஏரிக்கரைச் சுடுகாட்டில் சவரத் தொழிலாளி சொம்புத் தண்ணீரைத் தலையில் தெளிக்க வந்தபோது தனகோட்டி ஓரடி பின்னால் நகர்ந்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை. அண்ணனைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். அரங்கநாதன் தனியே பேசும் ஆள் இல்லை.

"நைனாவுக்கு நான் வெச்சேன். அம்மாவுக்கும் நானேவா? நீ இன்னாத்துக்குடா பொறந்த?"

"கல்யாண சீன் முடிஞ்சதும் எடுத்துக்கறேண்ணா. கருமாதிக்கு மொட்டையோட வந்து உக்காருறேன்."

"அதுவரைக்கும் பொணம் காத்துனு இருக்குமா?"

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர், மிராசு மீசைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கார் போல என்றார். இரண்டொருவர் சிரிப்பை அடக்கினார்கள். அரங்கநாதன் துண்டை உதறிவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். கத்தி இறங்கியது. அண்ணன் தோளில் குடத்தோடு சுற்றி வந்ததை, வாரிய தலையோடு பங்காளிகள் நடுவில் நின்று தனகோட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதிக்கும் அவரால் வர முடியவில்லை. சீரியலில் தாலி கட்டுவது சட்டென்று முடிகிற காரியமல்ல. மாப்பிள்ளை கையில் தாலி இருக்க, மண்டபத்தில் ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். வாசலில் ஒருவர் வந்து நிறுத்தச் சொல்வார். பழைய கதை ஓடும். கருமாதி நாளிலும் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார்.

துக்க வீட்டில் டி.வி. போடவில்லை. பக்கத்து வீட்டில் போட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பவுனம்மாளுக்குப் படையல் போட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்க, சீரியல் கல்யாணத்து நாயனச் சத்தத்துக்கு மேலே தனகோட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது. வந்தவர்களை வரவேற்றுச் சிரித்துக்கொண்டிருந்தார். ரஞ்சனி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கல்யாணம் ஒருவழியாக முடிந்தது. அதன் பிறகு தனகோட்டிக்கு ஷூட்டிங் தேதி வரவில்லை. மகள் புகுந்த வீட்டில் இருக்கிறாள், அப்பாவுக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டார். எப்போது கூப்பிடுவார்களோ என்று முடியிலும் கை வைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை செஞ்சியில் ரஞ்சனியோடு சாப்பிட உட்கார்ந்தபோது திரையில் எழுத்து வந்தது: மிராசு சபாபதியாக இனி இவர். கீழே ஒரு முகம். வேறொரு சீரியலில் பெயர் வாங்கியவர். முன்னந்தலையிலிருந்து பின்னந்தலை வரை வழுக்கை. மீசையே இல்லை.

அடுத்த காட்சியில் கதாநாயகி ஓடி வந்து "அப்பா" என்று அந்த மார்பில் சாய்ந்து அழுதாள். சீரியலின் அந்த வீட்டில் ஒருவர்கூட மிராசுவுக்கு முடி எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

தனகோட்டி கேட்டார். மேனேஜர் இரண்டு நாள் கழித்துத்தான் போனை எடுத்தார். சேனலின் முடிவு, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

"அது சரி சார். முடி?"

"எந்த முடிண்ணே?"

"எங்கம்மா சாவுக்கு எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"அதெல்லாம் யாருண்ணே பாக்குறாங்க. ஜனங்க ரெண்டு எபிசோட்ல பழகிடுவாங்க."

பவுனம்மாளின் வருஷ திதிக்கு முதல் நாள் தனகோட்டி செஞ்சி கடைத்தெருவில் ஒரு சலூனுக்குப் போய்த் தலையையும் மீசையையும் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை சிங்கவரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நல்லதாயிற்று என்று நினைத்தாராம்.

அண்ணன் வீட்டில் இலை போட்டிருந்தது. அரங்கநாதன் ஈர வேட்டியோடு மனையில் உட்காரப்போனவர், தம்பியின் தலையைப் பார்த்து நின்றார். திதியை நான் கொடுக்கிறேன், நீ விலகிக்கொள் என்றார் தனகோட்டி. கொள்ளி வைத்தவர்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு பங்காளி மெதுவாகச் சொன்னார். அரங்கநாதன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போயிற்று என்கிறார் தனகோட்டி.

"அன்னிக்கு எடுத்திருந்தா அம்மாவுக்குடா. இது யாருக்கு?"

சொல்லிவிட்டு மனையில் உட்கார்ந்து எள்ளையும் தண்ணீரையும் கையில் வாங்கிக்கொண்டார். தனகோட்டி சுவரோரம் நின்றார். திதி முடிந்ததும் காக்கைக்குச் சோறு வைக்க அண்ணன் மகன் கூரைப் பக்கம் போனான். பந்தியில் அண்ணி எல்லோருக்கும்போல அவருக்கும் பரிமாறினார், அப்பளம் வேண்டுமா என்று கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவி, திரும்பி வரும் முதல் பஸ்ஸிலேயே செஞ்சிக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷத் திதிக்கு அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.