எருமைக்கறி வண்டியும் என் வாயும்

தீனிக் கடை நடத்துகிறவளுக்கு அடுப்புச் சூட்டைத் தாங்குவது பெரிய காரியமே இல்லை. எதிரில் தட்டோடு நிற்கிற ஆளின் பேச்சைத் தாங்குவதுதான் காரியம். உங்களில் யாராவது வண்டிக்கடை போட்டு, சாயங்காலம் முழுக்க நின்று கால் வீங்கி, "அக்கா, வெங்காயம் இவ்வளவுதானா?" என்ற கேள்விக்குப் பல்லைக் கடித்திருந்தால், நீங்கள் என் சொந்தக்காரர். உட்காருங்கள், சொல்கிறேன்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் என் வண்டி, செல்வி வண்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். எருமைக்கறி வறுவல், அதை அள்ளித் தின்ன பாவ் ரொட்டி. மிளகும் சோம்பும் இடிக்கிற பக்குவம் திருநெல்வேலிக்கார அம்மாவிடமிருந்து வந்தது. வாய் மட்டும் தாராவியில் தானாக வளர்ந்தது. நான் திட்டுவேன். இரண்டாம் தடவை வெங்காயம் கேட்டால் திட்டுவேன், எலுமிச்சம்பழத்தை அமுக்கிப் பார்த்தால் திட்டுவேன். அதற்காக யாரும் வராமல் இருந்ததே இல்லை, அந்தப் பைத்திய மாட்டு நோய் கிளம்புகிற வரைக்கும்.

வாட்ஸப்பில் விழுந்த மாடு

எந்த நாடோ தெரியாது. பச்சைப் புல்வெளியில் கொழுத்த பசு ஒன்று கால் பின்னிப் பின்னி விழுகிறது. பின்னாலிருந்து ஓர் ஆள் இந்தியில், இந்தக் கறியைத் தின்றால் மனுஷனுக்கும் மூளை கெட்டுக் கிறுக்குப் பிடிக்கும் என்று பயமுறுத்துகிறான். காலையில் யார் போனிலோ வந்த வீடியோ, மத்தியானத்துக்குள் தாராவி முழுக்கச் சுற்றிவிட்டது. சாயங்காலம் கடாய் நிறைய வறுவலோடு நான் நிற்கிறேன், ஈ காக்கா இல்லை.

எதிர்ச் சந்தில் ஜீன்ஸ் தைக்கிற ஆறுமுகம் அண்ணன் மட்டும் வந்தார். தினமும் வண்டிமேல் சாய்ந்துகொண்டு தின்கிறவர், அன்றைக்கு ரோட்டின் அந்தப் பக்கமே நின்று போனைத் தூக்கிக் காட்டினார். "அண்ணே, அது வெளிநாட்டுப் பசு! இது நம்ம ஊர் எருமை! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "அதாம்மா எனக்குப் பயமே. பசுவுக்குக் கிறுக்குப் பிடிச்சா பாத்தவுடனே தெரிஞ்சிரும். எருமைக்குப் பிடிச்சா எப்படித் தெரியும்? அது எப்பவும் அப்படித்தான நிக்கும்!"

வீட்டுக்காரர் வைத்த கெடு

மிஞ்சிய வறுவலை ராத்திரியும் தின்றோம், மறுநாள் காலையும் தின்றோம். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்காரர் பாண்டி பேச ஆரம்பித்தார். வெங்காயம் நறுக்குவதும் தட்டு கழுவுவதும் அவர் பொறுப்பு. வேலை இல்லாததால் யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. சயானில் அவருடைய சிநேகிதன் சைனீஸ் வண்டி போட்டு அமோகமாக இருக்கிறானாம். "வார ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு நாளாவது உன் கடாய் காலியாவணும். இல்லன்னா திங்கக்கிழமையிலேருந்து நாமளும் நூடுல்ஸ், மஞ்சூரியன்தான்" என்றார்.

அந்த வறுவல் என் கை ருசி. அம்மி இருந்த காலத்திலிருந்து மிக்ஸி வரை நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்த மசாலா. சிவப்புச் சாயம் போட்ட முட்டைக்கோஸ் உருண்டைக்காக அதை விட்டுவிட்டு நான் எங்கே போக? அழுகையே வந்துவிட்டது. அவரும் இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார்: "சனம் ஏற்கெனவே பயந்து கெடக்கு. நீ வேற வெறி பிடிச்ச மாதிரி கத்தாத. ஞாயித்துக்கிழமை வரைக்கும் சிரிச்ச முகமா இரு. முடியலன்னா வாயில ஒரு பாவ் ரொட்டிய வச்சு அடைச்சுக்க."

ஹெல்மெட்டைக் கழற்றாதவர்

தாராவிக்காரர்கள் மனசில் பட்டதை நேராகக் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து வருகிறவர்கள் பாடுதான் பாவம். மாட்டுங்காவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார் ஒருவர். இஸ்திரி போட்ட ஆபீஸ் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டு, அந்த இடைவெளிக்குள் கறியைப் போட்டுக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கறியின் பேரைச் சொன்னதில்லை. "அது ஒரு ப்ளேட்" என்பார், அவ்வளவுதான். பேரையே சொல்லாதவர் நோயைப் பற்றி எப்படிக் கேட்பார்?

அதனால் என்னை விசாரித்தார். "உடம்பெல்லாம் எப்படி இருக்கு? தூக்கம் வருதா? மறதி ஏதாவது உண்டா? கையை நீட்டுங்க, நடுங்குதான்னு பாப்போம்." எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கறியை ரொம்ப வருஷமாகத் தின்று வருகிற ஆள் நான்தானே! எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தின்னலாம் என்று கணக்கு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, கையை நீட்டிச் சிரித்தேன். கடைசியாக, "இன்னிக்கு என்ன கிழமை?" என்றார். புதன் என்றேன். ஹெல்மெட் மெதுவாக ஆடியது. "கரெக்டாதான் சொல்றீங்க. அப்போ... அரை ப்ளேட் போடுங்க."

திலக் நகர் அம்மா

மறுநாள் ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். திலக் நகராம். காலேஜ் போகிற மகன் இங்கே வந்து தின்றதை வீட்டில் ஒத்துக்கொண்டுவிட்டானாம். "ஒரு மாசமா அவன் சரியா தூங்கறதில்ல. தனியா உக்காந்து சிரிக்கிறான். கூப்பிட்டா காதுலயே விழல. எல்லாம் உங்க கறியாலதான்!" என்று கண் கலங்கினார். நான் நல்ல பிள்ளையாக அவருக்கு ஸ்டூல் போட்டேன், தண்ணி கொடுத்தேன். போனும் கையுமாக இருக்கிறானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். "அம்மா, பயப்படாதீங்க. இது மாடு இல்ல, பொண்ணு" என்றேன்.

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் இன்னும் வெளுத்துப்போனது. "ஐயையோ, அதுக்கு மாட்டு நோயே பரவாயில்லையே! மருந்தாவது இருக்குமில்ல?"

விஞ்ஞானி விளக்கினார்

சனிக்கிழமை கொஞ்சம் கூட்டம் தலைகாட்டியது. நாலைந்து பேர் தயங்கித் தயங்கித் தட்டைக் கையில் வாங்கியிருந்த நேரம், அணுசக்தி நகரிலிருந்து வாடிக்கையாக வருகிற பெரியவர் ஒருவர் வந்தார். ஆராய்ச்சி வேலை, நரைத்த தலை, எதையும் அரைகுறையாகச் சொல்லமாட்டார். கடவுளே அனுப்பினார் என்று நினைத்து, "சார், இந்த நோயைப் பத்தி நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். சொன்னார். இது கிருமியே இல்லை, ஒருவிதப் புரதம் என்றார். நாம் சமைக்கிற சூட்டில் அது அழியாது என்றார். ஒரு தட்டு கீழே இறங்கியது. உடம்புக்குள் போனால் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும் என்றார். மற்றத் தட்டுகளும் இறங்கின.

நம் நாட்டில் அந்த நோய் வந்ததாகத் தகவல் இல்லை என்ற நல்ல சேதியைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதைக் கேட்க நானும் கடாயும்தான் மிச்சம். அப்போதும் நான் சிரித்தேன், தாடை வலித்தது. பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்துச் சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். "அட, இன்னிக்கு லைனே இல்லையே! ரெண்டு ப்ளேட் போடும்மா, நல்லா முறுகலா."

முத்திப்போச்சு

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஆறுமுகம் அண்ணன் மனசு கேட்காமல் வண்டிப் பக்கம் வந்தார். பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கையை என் முந்தானையில் துடைத்துவிட்டார். துடைத்த பிறகுதான் அவருக்கே புரிந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். "பரவாயில்லண்ணே, துணிதான, துவைச்சுக்கலாம்" என்றேன், தேன் ஒழுக. மனுஷர் அப்படியே பின்பக்கமாகவே நடந்து போய் வீட்டுக்கு போன் போட்டார். ரோடு முழுக்கக் கேட்டது: "ஏ, நம்ம செல்விக்கு முத்திப்போச்சுட்டீ! சிரிக்கா!"

ஞாயிற்றுக்கிழமை

கெடு நாள். நிறையப் பேர் வந்தார்கள், தின்பதற்கு இல்லை, என்னைப் பார்ப்பதற்கு. தூரத்தில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். ஹெல்மெட்காரரும் வழக்கமில்லாத வழக்கமாக வந்து ஓரமாக ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். நான் சிரிக்கச் சிரிக்க அவர்கள் பின்வாங்கினார்கள். வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து இந்த வாசனையே நம் வண்டியில் இருக்காது என்று நினைத்தாலே தாங்கவில்லை.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் வந்தார். ஒரு கையில் சிவப்பு டிராகன் வரைந்த போர்டு, இன்னொரு கையில் நறுக்கிய முட்டைக்கோஸ். "எப்படியும் மிஞ்சத்தான் போவுது, ஒரு ட்ரையல் பாப்போம்" என்று சொல்லி, அந்தக் கோஸை என் கடாயில், என் வறுவல்மேல், கொட்டினார்.

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இத்தனை நாளாக விழுங்கியது அத்தனையும் வெளியே வந்தது. கரண்டியைத் தூக்கினேன். அவரைத் திட்டினேன், டிராகனைத் திட்டினேன், சயான் சிநேகிதனை அவன் பரம்பரையோடு திட்டினேன். அப்படியே திரும்பி, "வேடிக்கை பாக்க வந்திருக்கீயளோ? இங்க என்ன சர்க்கஸா நடக்கு? தின்னா தின்னுங்க, இல்லன்னா இடத்தைக் காலி பண்ணுங்க!" என்று கூட்டத்தையும் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்க நிறுத்தினேன். ஆறுமுகம் அண்ணன்தான் முதலில் கையைத் தட்டினார். "யப்பா, நல்லாத்தான் இருக்கா! பழைய செல்விதான்! ஒண்ணும் ஆவல!" என்று தட்டை நீட்டினார். பின்னாலேயே இருபக்கமும் தட்டுகள் நீண்டன. கோஸ் கலந்ததையும் விடவில்லை, அடிக்கரி வரை சுரண்டித் தின்றார்கள். டிராகன் போர்டு பாவ் அடுக்குகிற பலகை ஆனது.

கடைசித் தட்டுக்கு ஹெல்மெட்காரர் வந்தார். தலையிலிருந்து அதைக் கழற்றினார். பாதி வழுக்கை, முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரோட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அக்கா, எருமைக்கறி வறுவல் ஒரு ஃபுல் ப்ளேட்! வெங்காயம் எக்ஸ்ட்ரா கேட்பேன், தாராளமா திட்டுங்க!"

கடைக்காரர் என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது புத்தி சொன்னால், அவரை ஒரு சாயங்காலம் என் வண்டிக்கு அனுப்பி வையுங்கள், நானே நேரில் திட்டிப் புரியவைக்கிறேன்.