ஜெயசீலி மேடமும் ஒரு ‘பரவாயில்லீங்க’வும்

ஞாயிறு காலை எங்கள் நர்சிங் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஜெயசீலி மேடம் தவறிவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். வயிற்று வலி என்று லீவில் இருந்தவரிடம் வியாழக்கிழமைதான் போனில் பேசினேன். “வலி எப்படிங்க மேடம் இருக்குது?” என்றேன். “பரவாயில்லீங்க அம்மணி” என்றார். நானும் சரியென்று வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை நம்பாதீர்கள் என்று எங்கள் உயிரை வாங்கிய மனுஷி!

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என்ன பாடு படுத்துவார் என்று. போன வருஷம் நான்காம் ஆண்டு மாணவிகளின் ஆய்வு என் பொறுப்பில் இருந்தது. ஆபரேஷன் முடிந்தவர்களிடம் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். அறுபது படிவமும் நிரம்பிவிட்டது. பைண்டிங் கொடுக்கக் காந்திபுரம் கிளம்பிய என்னை வாசலில் மறித்து, படிவங்களை வாங்கிப் புரட்டினார்.

“ஏனுங்க, அத்தனை பேருக்கும் ஒண்ணு, ரெண்டுன்னே இருக்குது?”

“அவங்க சொன்னதைத்தானுங்க மேடம் புள்ளைங்க எழுதியிருக்குதுங்க.”

“நம்மூருச் சனம் வேறென்ன சொல்லும்? யூனிஃபார்ம் போட்ட புள்ளை கேட்டா பரவாயில்லீங்கன்னுதான் சொல்லும். அது மருவாதிங்க. வலி இல்லைன்னு அர்த்தமில்லீங்க.”

சமர்ப்பிக்க ஒன்பது நாள்தான் இருந்தது. முதலிலிருந்து எடுக்கச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன். விட்டாரா? எங்களை வார்டுக்கே இழுத்துப்போனார்.

இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு அன்னூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், மாணவி கேட்டதும் “பரவாயில்லீங்க கண்ணு” என்று சிரித்தார். மேடம் கட்டிலோரம் உட்கார்ந்து, “ராத்திரி தூங்குனீங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாளுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. “ஒம்பது போட்டுக்குங்க” என்றார். மாணவி பேனாவை எடுக்க, மேடத்துக்கு வந்ததே கோபம்.

“முதல்ல டாக்டரைக் கூப்புடு புள்ளே. எழுதறது அப்புறம்.”

ஆய்வு மூன்று வாரம் தாமதம். முதல்வரிடம் திட்டு வாங்கியது நான். மேடம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அடக்கத்துக்குச் சூலூர் போயிருந்தபோது அவர் மகள் சொன்னாள், அம்மாவால் ஒரு மாதமாகப் படுக்கவே முடியவில்லையாம். வலியில் நாற்காலியில் உட்கார்ந்தேதான் ராத்திரியை ஓட்டுவாராம். பதினோரு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவளிடம் என்னங்க மேடம் மருவாதி? இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது மாணவிகள் கொண்டுவரும் படிவங்களை நானும் திருப்பிக் கொடுக்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். கட்டில் கட்டிலாகப் போய், ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்கிறேன். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அதை அவரிடம் நான் கேட்கவில்லை.